அன்னபூரணம் விசாரிக்கப் போன வழி

சுருவில் கிராமத்து அன்னபூரணத்துக்கு ஐம்பது வயதாகும் வரையும் கடையில் இருந்து சாப்பிட்ட பழக்கம் கிடையாது. பட்டணத்துக்குப் போவதென்றாலும் கையில் ஒரு சோற்றுப் பொட்டணி இருக்கும். கோயில் மண்டபமோ மரநிழலோ பார்த்து அதை அவிழ்த்துச் சாப்பிட்டு, கிணற்றுத் தண்ணீரும் குடித்துவிட்டு வருவாள். கடைச் சாப்பாடு என்று யாரும் வாயெடுத்தாலே முகம் சுருங்கிவிடும்.

அதற்கொரு காரணம் இருந்தது. அவளுடைய கணவர் வைத்திலிங்கம் தெற்கே மாத்தறையில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். இருபத்திரண்டு வருசம் அங்கேதான் சீவியம். வருசத்தில் இரண்டு தரம் ஊருக்கு வந்து போவார். மற்றபடி கடிதந்தான். அந்தக் கடிதங்களிலும், 'இன்றைக்குச் சாப்பாட்டுக்கடையில் கத்தரிக்காய்க் குழம்பு, உன்னுடைய கைப்பக்குவம் போலவே இருந்தது' என்று ஒரு வரி எழுதியிருப்பார். அவர் சந்தோசமாய்த்தான் எழுதினார். இவளுக்கோ அதை வாசிக்க நெஞ்சு குத்தும். கடைசியில் வயிற்றுப்புண் வந்து அறுபத்தோராம் ஆண்டு அவர் மோசம்போனார். டொக்டர்மார் என்னவெல்லாமோ காரணம் சொன்னார்கள். அவள் ஒன்றையும் காதில் எடுக்கவில்லை. "கண்ட கண்ட கடையிலை திண்டுதான் என்ரை மனிசன் போனது" என்று ஒரே பிடியாய் நின்றுவிட்டாள்.

ஐந்து வருசம் போய், மகள் இராசேஸ்வரிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பரராசசிங்கம் நெடுந்தீவான். தாய் தகப்பன் இல்லை. ஊர்காவற்றுறைத் தபால் கந்தோரில் கிளாக்கர் வேலை, ஒரு வாடகை அறையில் இருப்பு. சாதகம் நல்லாய்ப் பொருந்தியது. இராசேஸ்வரிக்கு அப்போது இருபத்தாறு. முன்னே வந்த இரண்டு சம்பந்தம் பேச்சோடு விலகிப்போயிருந்தன. மாப்பிள்ளையின் படத்தைக் காட்டியபோது பிள்ளை வாங்கிப் பார்த்தாள். பிறகு அதைத் திருப்பித் தரவில்லை. சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். தாய்க்கு விளங்கிவிட்டது.

கலியாணத் தரகர் தில்லைநாதனிடம் அன்னபூரணம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சீதனத்தைப் பிறகு கதைப்பம். பெடியன் கடையிலை சாப்பிடுறவனோ?"

"சிவசிவா! கடைப் பக்கமே தலை வைச்சுப் படுக்காத பிள்ளை. தானே சமைச்சுத் தானே சாப்பிடும்."

தரகர் கொஞ்சம் கெதியாய், கேள்வி முடியுமுன்னமே சொல்லிவிட்டார். அதனால் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. விசாரித்து வர வீட்டில் ஆண்துணையும் இல்லை. தம்பிமார் இரண்டு பேரும் தென்பகுதியில் வியாபாரம். எனவே ஒரு வியாழக்கிழமை விடியக் குளித்து, திருநீறு பூசி, "அம்மாளாச்சி, உண்மையைக் காட்டு தாயே" என்று கும்பிட்டுவிட்டு, தானே ஊர்காவற்றுறைக்குப் பஸ் ஏறினாள். பத்து மணி பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று பொட்டணியும் கட்டவில்லை.

மாதா கோயில் வீதியில், தகரப் பந்தலின் கீழே மேரிஜோசப்பின் என்கிற பெண் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். காலைக் கூட்டம் கலைந்த நேரம். அன்னபூரணம் கிட்டப்போய் நின்றாள். நின்ற பிறகுதான் ஒன்று உறைத்தது. வியாபாரம் செய்கிற இடத்தில் சும்மா நின்று ஒருவருடைய கதையைக் கேட்க ஏலாது. ஏதாவது வாங்கத்தான் வேண்டும்.

"ஒரு அப்பம் தா, பிள்ளை. இந்தச் சட்டியிலை மச்சம் மாமிசம் ஏதும்..."

"ஐயோ அக்கா! இது அப்பத்துக்கெண்டு வைச்ச சட்டி. இதிலை வேறை ஒண்டும் படாது. பாதி வாடிக்கை சைவப் பழங்கள் அல்லோ. இருங்கோ."

அன்னபூரணம் வாங்குப் பலகையின் நுனியில் குந்தினாள். இலைத்துண்டில் பால் அப்பம் வந்து விழுந்தது. வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு விள்ளல் பிய்த்து வாயில் வைத்தாள். நடுவில் வெள்ளையாய், பஞ்சாய், இளந்தித்திப்பாய்ப் பால். ஓரத்தில் பொன்நிறமாய் முறுகல். நாக்கு அவளைக் கேளாமலே இரண்டாவது விள்ளலுக்கு அவசரப்படுத்தியது.

"தபால் கந்தோரிலை பரராசசிங்கம் எண்டு ஒரு பிள்ளை. தெரியுமோ?"

அப்பக்காரி சட்டியைச் சுழற்றியபடியே, "சிங்கம் தம்பியோ? தங்கமான பிள்ளை. ஆனால் இந்தப் பக்கம் வாறேல்லை அக்கா. கடையிலை வாங்கிச் சாப்பிடவே மாட்டார்" என்றாள். பிறகு இரண்டாவது அப்பத்தை இலையில் வைத்து, "பாத்தீங்களோ, ஓரம் இந்த மாதிரி முறுகினால்தான் தம்பி கை வைப்பார்" என்றாள்.

"எந்தத் தம்பி?"

அகப்பை நின்றுவிட்டது. "என்ரை... என்ரை தம்பி அக்கா. கரம்பனிலை இருக்கிறான்."

அன்னபூரணம் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டாவது அப்பத்தையும் முடித்துவிட்டு, இலையை மடித்துப் போட்டு எழுந்தாள்.

பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தால், பத்து மணி பஸ் பழுதாம்; இனி இரண்டரைக்குத்தான். எதிரே கதிர்காமுவின் தேத்தண்ணிக்கடை. மெலிந்த மனிதர், வாய் ஓயாதவர். பேணிக்குப் பேணி ஒரு முழ உயரத்தில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் உழுந்து வடை. இங்கேயும் அதே சங்கடந்தான். அவள் ஒரு தேத்தண்ணி கேட்டாள். கதிர்காமு பனங்கட்டித் துண்டும் இரண்டு வடையும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்தார்.

"வடை கேக்கேல்லையே."

"சூட்டோடை இருக்கு அக்கா. வேண்டாமெண்டால் பாத்துக்கொண்டு இருங்கோ. அது தானாய்க் கூப்பிடும்."

அது கூப்பிடத்தான் செய்தது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெதுமை, பல்லில் கடிபடும் மிளகு. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு ஒரு மிடறு தேத்தண்ணி உள்ளே போக, பஸ் பழுதான கவலை பாதி குறைந்தது. அவள் மெல்லத் தொண்டையைச் செருமினாள். "தம்பி, இஞ்சை ஒரு ஆளைப் பற்றி..."

"அவர் கடைத் தேத்தண்ணி வாயிலை வையாத மனிசன் அக்கா!" என்று கதிர்காமு அவசரமாய்ச் சொன்னார்.

"நான் இன்னும் பேரே சொல்லேல்லை."

கதிர்காமுவின் கையில் ஆறிக்கொண்டிருந்த தேத்தண்ணியில் பாதி நிலத்தில் போயிற்று. பின்னால் வாங்குப் பலகையில் இருந்த கிழவர் ஒருவர் தலைத்துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

அன்னபூரணத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விசாரிக்க ஆள் வரும் என்று தெரிந்து, தரகர் முன்னமே வந்து ஊர்வாயைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். பெடியன் கடையில் சாப்பிடுகிறவன்தான். கோபம் வரவேண்டிய நேரம். ஆனால் வயிறு நிறைந்திருந்ததாலோ என்னவோ, கோபம் முழுதாய் வரவில்லை. துக்கந்தான் வந்தது. சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தப் படத்தை இனி எப்படி எடுக்கச் சொல்வது? போகவும் பஸ் இல்லை. 'வந்ததுக்கு எல்லாத்தையும் அறிஞ்சுகொண்டே போவம்' என்று இறங்குதுறைப் பக்கமாய் நடந்தாள்.

இறங்குதுறைக்குக் கிட்ட ஏரம்புவின் சைவச் சாப்பாட்டுக்கடை. நாலு மேசை, பத்துக் கதிரை. காரைநகர்த் தோணியால் இறங்கி வருகிறவர்களும் ஆசுபத்திரிக்கு வருகிறவர்களும் கந்தோர்க்காரரும் மத்தியானத்தில் வந்து விழுகிற இடம். ஒரு ரூபாய்க்குள் வயிறு நிறையச் சாப்பிட்டு வெற்றிலையும் போடலாம். ஏரம்பு பெரிய உடம்புக்காரர், பேச்சுக் குறைவு. அன்னபூரணத்தைக் கண்டதும் மூலையில், நயினை அம்மன் படத்துக்குக் கீழே கிடந்த கதிரையைத் துண்டால் தட்டிவிட்டார்.

"இதிலை இருங்கோ தங்கச்சி."

"நான் ஒரு விசயம் கேட்க வந்தனான்."

"முதல்லை சாப்பாடு. கதை பிறகு."

அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வராது. ஆகையால் அவர் வாயைத் திறக்கவே பயந்தார். இலை விழுந்தது. குத்தரிசிச் சோறு, பருப்பு, முருங்கையிலை வறை, வாழைக்காய்ப் பொரியல். கடைசியாய்க் கத்தரிக்காய்க் குழம்பு. அம்மன் படத்தை நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு அன்னபூரணம் கை வைத்தாள்.

குழம்பில் வெந்தயம் மணத்தது. பழப்புளியும் தேங்காய்ப்பாலும் சரிபங்காய் நின்றன. அவள் வீட்டுக் கைப்பக்குவம் போலவே இருந்தது. அதையே இன்னொருதரம் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கடிதத்தில் அந்த வரியை வைத்திலிங்கம் பொய்யாய் எழுதவில்லை.

"இன்னுங் கொஞ்சம் விடட்டோ?"

"விடுங்கோ அண்ணை."

இரண்டாந்தரம் சோறு விழுந்த நேரம், வாசலில் குடையை மடக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். வெள்ளைச் சேட்டு, நெற்றியில் திருநீறு, பையில் பேனை. ஏரம்பு குழம்பு அகப்பையோடு பாய்ந்துபோய் வாசலை மறித்தார்.

"இடமில்லை தம்பி. பிறகு வாரும்."

"என்ன அண்ணை, ஆறு கதிரை வெறுமையாய்க் கிடக்கு!"

"அதெல்லாம் உடைஞ்ச கதிரை. நீர் போம்!"

"இண்டைக்கு உங்களுக்குக் காய்ச்சலோ?" வந்தவர் அகப்பைக்குக் கீழால் குனிந்து உள்ளே வந்துவிட்டார். மூலையைப் பார்த்ததும், "ஓ, என்ரை இடத்திலை அம்மா இருக்கிறா. பறுவாயில்லை, நான் பக்கத்திலை இருக்கிறன்" என்று அடுத்த கதிரையை இழுத்தார்.

படத்தில் பார்த்த முகந்தான். கொஞ்சம் மெலிவு. அன்னபூரணம் சோறு பிசைந்த கையோடு கேட்டாள்.

"தம்பி, நீர் தபால் கந்தோரிலையோ?"

"ஓம் அம்மா. பரராசசிங்கம்."

"கடையிலை சாப்பிடுறனீரோ?"

அவளுக்குப் பின்னால் நின்று ஏரம்பு இடமும் வலமுமாய்த் தலையை ஆட்டினார். கண்ணை உருட்டினார். பரராசசிங்கம் அவரைப் பார்த்தார், வெள்ளைச் சேலையோடு இருந்த அம்மாவைப் பார்த்தார், மெல்ல விளங்கிக்கொண்டார். முகம் ஒருமுறை வாடியது.

"அம்மா, நீங்கள் சுருவிலோ?"

"ஓம்."

அவர் எழுந்து நின்றார். "ஒன்பது வருசமாய்க் கடையிலைதான் அம்மா சாப்பிடுறன். காலமை மேரிஜோசப்பின் அக்காவின்ரை அப்பம். பத்து மணிக்குக் கதிர்காமு அண்ணையின்ரை வடை. மத்தியானம் இந்தக் கதிரை. சமைக்கத் தெரியாது. ஒருக்கால் சோறு வைச்சனான், பானைதான் மிச்சம். தரகர் வேறை மாதிரிச் சொல்லியிருந்தால் அது எனக்குத் தெரியாது."

"நாசமறுப்பான்" என்று ஏரம்பு தலையில் கை வைத்தார். அகப்பை அந்தக் கையில்தான் இருந்தது. குழம்பு நெற்றியால் வழிந்தது.

அன்னபூரணத்துக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு, கேட்க வேண்டிய கடைசிக் கேள்வியைக் கேட்டாள்.

"தனிய இருக்கிறனீர். காய்ச்சல் தலையிடி எண்டால் ஆர் பாக்கிறது?"

"இவர்தான். மத்தியானம் நான் வராட்டில் அறைக்கே கஞ்சி கொண்டுவந்து, நான் குடிச்சு முடியும் வரைக்கும் காவல் நிப்பார். உப்புக் காணாதெண்டாலும் சொல்ல ஏலாது, ஏசுவார்."

ஏரம்பு நெற்றியைத் துடைத்தபடி, "வந்து சாப்பிடுற பிள்ளை வராட்டில் தேடாமல் என்ன செய்யிறது தங்கச்சி?" என்றார்.

அன்னபூரணம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்தறையிலும் தன் மனிசனுக்கு இப்படி ஒரு மூலைக் கதிரை இருந்திருக்கும். அவர் வராத நாளில், 'சுருட்டுக்கடை ஐயாவை எங்கை காணேல்லை' என்று யாரோ ஒருவர் கேட்டிருப்பார். இவ்வளவு நாளும் தனியே கிடந்த அவரை யாரோ நஞ்சு வைத்துக் கொன்றதுபோல நினைத்துக்கொண்டிருந்தாளே! ஐந்து வருசமாய் நெஞ்சில் கிடந்த ஒரு கல்லை அம்மாளாச்சி தன் கையால் எடுத்து அப்பால் வைத்ததுபோல இருந்தது.

"இரும் தம்பி, சோறு ஆறுது" என்றாள். "நீர் சொன்ன வழியாலைதான் நானும் காலமை துடக்கம் வந்திருக்கிறன். அப்பம் ரெண்டு, வடை ரெண்டு. இப்ப இது ரெண்டாந்தரச் சோறு. உம்மை ஏச எனக்கென்ன வாய் இருக்கு?"

கடை முழுதும் சிரித்தது. எல்லோரையும் விடப் பெரிதாய்ச் சிரித்தவர் ஏரம்பு.

பின்னேரம் இராசேஸ்வரி படலை வாசலிலேயே நின்றாள். தாயின் கையில் இலையில் சுற்றிய அப்பம் இரண்டு.

"என்னம்மா, கடையிலையோ வாங்கினீங்கள்?"

"ஓம். தின்."

பிள்ளை தின்றபடியே நிலத்தைப் பார்த்துக் கேட்டாள். "அவர்... கடையிலை சாப்பிடுறவரோ?"

"மூண்டு நேரமும்."

அப்பம் பாதியில் நின்றது.

"விழுங்கு பிள்ளை. ஒரு பொய் சொல்லியிருந்தால் உன்னைச் சுகமாய்க் கட்டியிருக்கலாம். பசியோடை வந்து நிண்டு உண்மையைச் சொன்ன பிள்ளை. வாற ஞாயிறு இஞ்சை சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறன். கத்தரிக்காய்க் குழம்பை நீ வை."

"நல்லாய் வராட்டில்?"

"வராட்டில் என்ன? ஏரம்பு அண்ணையிட்டை ரெண்டு பேரும் போய்ச் சாப்பிடுங்கோ."

ஆவணியில் கலியாணம் நடந்தது. தரகர் தில்லைநாதன் பந்தியில் முதல் இலையில் இருந்தார். அவருக்கு மட்டும் அன்னபூரணம் தானே பரிமாறி, "கடைச் சாப்பாடு இல்லை, பயப்படாமல் சாப்பிடுங்கோ" என்றாள். ஏரம்பு அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்து குசினி அடுப்படியில் நின்றார்.

அதற்குப் பிறகு எண்பதாம் ஆண்டு வரைக்கும், நோய் நொடி இல்லாத வியாழக்கிழமைகளில் அன்னபூரணம் காலைப் பஸ்ஸில் ஊர்காவற்றுறைக்குப் போவாள். பேரப்பிள்ளைகளைப் பார்க்கத்தான் என்று சொல்லுவாள். ஆனால் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர மத்தியானம் திரும்பிவிடும். மாதா கோயில் வீதியில் முறுகல் அப்பம், பஸ் நிற்கிற இடத்தில் வடையும் பனங்கட்டியும், அம்மன் படத்துக்குக் கீழே கத்தரிக்காய்க் குழம்பு. இப்போதெல்லாம் அவள் வீதியைப் பார்த்தபடியே இருந்து சாப்பிடுவாள். அந்த மூலைக் கதிரையை மருமகன் விட்டுக்கொடுத்துவிட்டார். வியாழக்கிழமையில் தெரியாமல் யாரும் வந்து அதில் இருந்தால், ஏரம்பு அகப்பையோடு வந்து நிற்பார்.

"அது உடைஞ்ச கதிரை. இஞ்சாலை இரும்."