மதினியிடம் நான் மறைக்காதது

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். எங்கள் மதினி எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரிடம் நான் கற்றுக்கொண்டதை எழுதித் தர வேண்டும் என்று அவருடைய மகள் மீனா கேட்டாள். மதினி என் அண்ணனின் மனைவி. அதோடு, ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் எனக்கு சீனியர் வக்கீலும் அவர்தான். தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கொடுத்தது. ஆனால் மீனா கேட்பது அதை அல்ல. அம்மாவின் கடைசி மாதங்களில் கூடவே இருந்த அத்தை என்ன கற்றாள் என்று கேட்கிறாள். ஆறுதலாக எதையும் எழுத என்னால் முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாததை எழுதினால் மதினிக்கே பிடிக்காது.

மதினி பிறந்தது கான்சாபுரத்தில். அவருடைய அப்பா ராணுவத்தில் இருந்தார். விடுப்பில் வரும்போதுதான் பிள்ளைகள் அவரைப் பார்ப்பார்கள். நெல்லையும் தென்னையையும் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளையும் வளர்த்தவர் அம்மா. அப்பா எல்லையில் இருந்த காலத்தில் பங்காளி ஒருவர் வரப்பைத் தள்ளிப் போட்டு நிலத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டார். அம்மா வழக்குப் போட்டார். பள்ளி விடுமுறைகளில் மதினியும் அம்மாவோடு பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு வருவார். வக்கீல் வராந்தாவில் வேகமாக நடந்துகொண்டே, "ஆகட்டும்மா, பாத்துக்கலாம்" என்பார். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான். வழக்கு தோற்றுப்போன செய்தியை அம்மாவும் மகளும் வத்திராயிருப்பு பஸ் நிலையத்தில் ஒரு டீக்கடையில், அந்தப் பங்காளியின் வாயாலேயே கேட்டார்கள். அன்று அம்மா அழவில்லை என்றும், டீயை மட்டும் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார் என்றும் மதினி சொல்வார். அவர் சட்டம் படிக்கப் போனதற்கு அந்த டீக்கடைதான் காரணம்.

மதுரையில் படித்துவிட்டு வந்தவருக்கு எங்கள் அண்ணனோடு திருமணம் நடந்தது. அண்ணன் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மெயின்டெனன்ஸ் வேலையில் இருந்தார். குடித்தனம் ராஜபாளையத்தில், தொழில் ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் சோறு பொங்கி, மீனாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே போவார். ஆரம்பத்தில் பெண் வக்கீல் என்று யாரும் வழக்குக் கொடுக்கவில்லை. மற்றவர்களின் வழக்குகளுக்கு வேறு தேதி கேட்டு வாய்தா வாங்கிக் கொடுக்கும் வேலைதான் கிடைத்தது. பிறகு ஜீவனாம்சம் கேட்டு வந்த பெண்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். ஒருத்தி சொல்லி இன்னொருத்தி என்று வந்தார்கள்.

நான் சட்டம் படித்து முடித்தபோது எனக்கு இரண்டு பிள்ளைகள். தலையில் நரை எட்டிப் பார்த்துவிட்டது. அந்த வயதில் ஜூனியராகச் சேர்த்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை. மதினிக்கும் எனக்கும் வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. "வேற எங்கயும் போயி நிக்காத கோதை. எங்கூட வா. ஆனா கோர்ட்டுக்குள்ள நான் ஒனக்கு மதினி கெடையாது, பாத்துக்க" என்றார். சொன்னபடியே இருந்தார். நான் எழுதிய முதல் மனுவை என் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டார். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு முறுக்கு வாங்கித் தந்தார்.

அவரிடம் நான் பார்த்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மாரியம்மாள் என்றொரு அம்மா, கணவர் இறந்த பிறகு மகாராஜபுரத்தில் ஒரு வீட்டில் குடியிருந்தார். வீடு தன்னுடையது என்று கொழுந்தன் வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டார். தீர்ப்பு வந்ததும் நான் வழக்கமான புத்தியில், "அப்பீல் இருக்கும்மா, பாத்துக்கலாம்" என்று தொடங்கினேன். மதினி என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த அம்மாவை வளாகத்து வேப்ப மரத்தடிக்கு அழைத்துப்போய் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"நாம தோத்துட்டோம்மா. வீட்ட விடணும். அப்பீலுக்குப் போனாலும் இதே பதில்தான் வரும்னு எனக்குத் தோணுது."

மாரியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். மதினி சமாதானம் சொல்லவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. அந்த அம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு அங்கேயே இருந்தார். பிறகு என்னிடம், "தோத்தவுககிட்ட மொத வார்த்தையிலேயே சொல்லிரணும் கோதை. சொல்லிட்டு ஓடிறக் கூடாது, கூட உக்காரணும்" என்றார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மதினிக்குக் கண்ணில் மஞ்சள் தெரிந்தது சித்திரை மாத வெயிலில். காமாலை என்று நினைத்தோம். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், பத்தியம் வைத்தோம். மஞ்சள் இறங்கவில்லை. உடம்பு இறங்கியது. மதுரையில் பெரிய மருத்துவமனைக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் அண்ணனையும் என்னையும் மட்டும் உள்ளே அழைத்தார். கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது, அறுவை செய்ய வழியில்லை என்று பொறுமையாக, இரண்டு முறை விளக்கினார். அண்ணன் எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார், பிறகு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஏட்டி, அவகிட்ட மூச்சு விடக் கூடாது. பித்தப்பையில கல்லுன்னு சொல்லுவோம். தெரிஞ்சா அன்னைக்கே செத்துருவா."

நான் சரி என்றேன். அன்றிலிருந்து அது கல். வருகிறவர்கள் எல்லாரும் கல்லைப் பற்றியே பேசினார்கள். தனக்கும் கல் இருந்தது என்றும் வாழைத்தண்டுச் சாற்றில் கரைந்துவிட்டது என்றும் ஒருவர் சொன்னார். மதினி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் அண்ணன் வெளியே போயிருந்தபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கோதை, ஒண்ணு கேக்கேன். கல்லுக்கு எதுக்கு உங்கண்ணன் பாத்ரூமுல தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதாக?"

எத்தனையோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தவர் அவர். அந்தக் குரலை எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கல்லு இல்ல மதினி. புத்துநோய். ஈரலுக்கும் போயிட்டு."

"ஆபரேஷன்?"

"முடியாதுன்னுட்டாக."

"எம்புட்டு நாள்?"

"மாசக்கணக்குலதான் சொன்னாக."

மதினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்திருக்கவில்லை. கூட இருக்க வேண்டும் என்று அவர்தானே சொல்லித் தந்தார்? திரும்பாமலே சொன்னார்:

"நீ போ."

"செத்த நேரம் இருக்கேனே மதினி."

"போன்னு சொல்லுதேன்லா. இங்க உக்காராத."

கதவுக்கு வெளியே வந்து நின்றேன்.

அன்று முதல் பல நாட்கள் அவர் யாரோடும் பேசவில்லை. கஞ்சியைக்கூடத் தள்ளி வைத்தார். அண்ணனுக்கு விஷயம் தெரிந்தது. "சாமத்தியமாப் பேசுத வக்கீலம்மா, சந்தோசமா? அவள நீதான் கொன்ன" என்றார். அதன் பிறகு மதினியின் மருந்து, மாத்திரை என்று தேவைக்கு ஒரு வார்த்தை பேசுவாரே தவிர, என் முகத்தைப் பார்க்க மாட்டார். நான் மதினியிடம் சொன்னது சரியா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. உண்மை தெரிந்துகொண்டதால் மதினி நிம்மதி அடைந்ததாக நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

பேசத் தொடங்கியபோது அவர் முதலில் சொன்னது மாரியம்மாளைப் பற்றி. "நான் அந்த அம்மாகிட்ட உக்காந்திருந்தது தப்போன்னு இப்பத் தோணுது. அவ தனியா அழணும்னு நெனச்சிருப்பா. நான் எந்திரிக்கவே இல்ல பாரு." நான் அப்படி இல்லை என்றேன். "ஒனக்கு எப்பிடித் தெரியும்? எனக்கே இப்பத்தான தெரியுது" என்றார். தொழிலில் அவர் எனக்குத் தந்த மிகப் பெரிய பாடத்தை அவரே அப்படித் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்குப் பதிலாக வேறொன்றைத் தரவில்லை. அவரிடமும் இருக்கவில்லை.

கீமோ சிகிச்சையைத் தொடங்கி, தாங்க முடியாமல் நிறுத்தினோம். அதன் பிறகு யார் எதைக் கொண்டுவந்தாலும் மதினி குடித்தார். மலையடிவாரத்திலிருந்து ஒருவர் வேர் கொண்டுவந்தார். இன்னொருவர் திருநீறைத் தண்ணீரில் கரைத்துத் தந்தார். கோயில் பக்கமே அதிகம் போகாதவர், மந்திரித்த கயிற்றைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "என்ன பாக்க? உசுரு வேணும்டி எனக்கு. மீனா கல்யாணத்தப் பாக்கணும். வெக்கத்தப் பாத்தா ஆகுமா?" என்றார். அவரைத் துணிச்சல்காரர் என்று நீங்கள் எல்லாரும் சொல்வீர்கள். நீதிமன்றத்தில் அவர் அப்படித்தான். வீட்டில், படுக்கையில், அவர் பயந்தார். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார்.

புரட்டாசியில் ஒரு நாள் கோர்ட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சின்னக் குழந்தையோடு இருக்கும் ஒரு பெண்ணின் ஜீவனாம்ச வழக்கு, இறுதி வாதம். ஆட்டோவில் பின் சீட்டில் தலையணை வைத்து அழைத்துப்போனோம். கோட்டு தோளில் நிற்கவில்லை. நான் ஊக்குக் குத்திவிட்டேன். வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாய் திறந்தார். காற்றுதான் வந்தது. நீதிபதி, "உட்கார்ந்து பேசுங்கள்" என்றார். மதினி உட்காரவில்லை. மறுபடியும் முயன்றார். எதிர்த்தரப்பு வக்கீலே எழுந்து, வேறு தேதி போடலாம் என்று கேட்டுக்கொண்டார். அது மரியாதையால் செய்ததுதான். நான் வாதாடுகிறேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தேதி போட்டாகிவிட்டது.

கிளம்பும்போது கிருஷ்ணன்கோவில் ஊர்ப் பக்கம் போய்விட்டு வரலாமா என்று ஆட்டோக்காரர் கேட்டார். காற்றாட இருக்குமே என்ற எண்ணம். வேண்டாம் என்றார் மதினி. ராஜபாளையத்தில் இறங்கும்போது, "கடைசியா எனக்குக் கெடச்சதும் ஒரு வாய்தாதான்" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து, ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். அந்தத் தேதிக்கு அவர் இல்லை. நான் வாதாடினேன். அந்தப் பெண் கேட்டது கிடைக்கவில்லை.

நாங்கள் அடித்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில், மதினி அமைதியாக இயற்கை எய்தினார் என்று போட்டிருந்தோம். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். அவருடைய மறைவு அமைதியாக இல்லை. கடைசி வாரங்களில் மருந்தையும் மீறி வலித்தது. அவர் கத்தியது தெரு முனை வரை கேட்டது. "என்ன விட்டுருங்க, என்ன விட்டுருங்க" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஒரு காலைப்பொழுதில், பால் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில், அவர் மூச்சு மாறியது. ஊசி போடும் நர்சம்மாவைக் கூட்டி வர அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மீனா அடுப்படியில் இருந்தாள். மதினி பக்கத்தில் நான் மட்டும்தான். அண்ணன் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மீனா, நீ கேட்ட பாடம் இதில் எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன். உன் அம்மா எனக்கு எவ்வளவோ சொல்லித் தந்தார். சாகிறது எப்படி என்பதை மட்டும் அவருக்கும் யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அதை அவர் மறைக்கவில்லை; தெரிந்த மாதிரி நடிக்கவும் இல்லை. என் முறை வரும்போது நானும் பயப்படுவேன். பயப்படலாம் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

எங்களுக்குத் துணை நின்றவர்களை நான் சொல்லாமல் விடக்கூடாது. வீட்டில் தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டு அக்கா, கடைசி வரை கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார். மதினி குடிக்காத நாட்களில் அதைத் திரும்ப எடுத்துப் போகும்போது, "பரவால்ல, நாளைக்கு வேற மாதிரி வைக்கேன்" என்பார். மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் எங்களை ஏற்றிச் சென்ற ஆட்டோக்காரத் தம்பி பள்ளம் மேடு பார்த்து ஓட்டினார். மதினியின் குமாஸ்தா ஐயா ஒரு வழக்கைக்கூடத் தவறவிடாமல் பார்த்துக்கொண்டார். நர்சம்மா கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வந்தார். கான்சாபுரத்திலிருந்தும் வத்திராயிருப்பிலிருந்தும் வந்து நின்ற சொந்தங்கள், மதினி வழக்கு நடத்திக் கொடுத்த, பெயர் சொல்ல இடமில்லாத கட்சிக்காரப் பெண்கள், எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணனுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். இந்த மலரில் போட மதினியின் படத்தை வாங்கி வர, போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். படத்தைத் துடைத்துக் கையில் கொடுத்தவர் அதை விடாமல் பிடித்துக்கொண்டே கேட்டார்:

"ஏட்டி, நான் வண்டிய எடுத்துட்டுப் போன பொறவு அவ எதும் சொன்னாளா?"

ஒரு வருடமாக அவர் வாயில் நின்ற கேள்வி அது. என்ன பதிலுக்காக நிற்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. உங்களைத் தேடினார் என்று சொல்லியிருக்கலாம். என்னைத் தவிர சாட்சி யாரும் இல்லை.

"குளிருது, ஃபேன நிறுத்துன்னு சொன்னாக அண்ணே. நான் நிறுத்திட்டுத் திரும்பினேன். வேற எதும் சொல்லல."

"வேற எதும் இல்லயா?"

"இல்ல."

அண்ணன் படத்தை விட்டார். பிறகு, "சாப்ட்டுட்டுப் போ" என்றார். அடுப்படியில் அவரே பொங்கி வைத்திருந்த சோறு குழைந்திருந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்.