பேஜாரு என்று சொல்லாத நாள்

ராயபுரத்தில் ஓட்டு வீடு கட்டினேன். திருவொற்றியூரில் விறகுத் தொட்டி வைத்தேன். கூலியாக நுழைந்த துறைமுகத்திலேயே, பிற்பாடு கரி இறக்க எனக்கென்று ஆட்களைச் சேர்த்தேன். தங்கைகளை நல்ல இடத்தில் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கு உள்ளே உட்கார்ந்ததைவிட வெளியே முட்டி போட்டதுதான் எனக்கு அதிகம். அதையும் மீறித்தான் இத்தனையும். ஆனால் இப்போது சொல்ல வந்தது நான் கூலியாக இருந்த காலத்துக் கதை.

உடம்பு ஓய்ந்ததைச் சொல்ல எங்களிடம் பல வார்த்தைகள் இருந்தன. எதை எங்கே சொல்வது என்பதில் கணக்கு உண்டு. அலுப்பு என்பது வீட்டு வார்த்தை. வெந்நீர் ஊற்றிக்கொண்டால் போய்விடும். அசதி என்றால் பெண்கள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். களைப்பு மரியாதையான வார்த்தை, அயலாரிடம் சொல்வது. வேலையில் இருப்பவன் வாயில் பேஜாரு ஒன்றுதான். கரிக்கூடையைத் தூக்கும்போதும் பேஜாரு, இறக்கும்போதும் பேஜாரு. அப்படிப் புலம்புகிறவனைப் பற்றிக் கவலையே இல்லை. அவன் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம்.

அன்று காலை என் அண்ணன் கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு, "அசதியா கீது" என்றான். அண்ணி நெற்றியைத் தொட்டாள். "ஒடம்பு கொதிக்குது, வூட்லயே இரு" என்றாள். அவன் கேட்கவில்லை. என்னோடு கிளம்பிவிட்டான்.

கப்பலின் அடியில் கரி அறை. அங்கே நின்று இரும்புத் தொட்டியை நிரப்புவது அவன் வேலை. மேலே, அறையின் வாய்ப் பக்கம் நின்று, நிரம்பிய தொட்டியை வாங்கிக் காலித் தொட்டியை இறக்கச் சொல்வது என் வேலை. நீராவியில் ஓடும் விஞ்சு அதைத் தூக்கும், இறக்கும். கரித்தூளில் கீழே இருப்பவன் தலை தெரியாது. குரல்தான் தெரியும்.

வேலை தொடங்குமுன் மேஸ்திரி எங்களை நிறுத்தினான்.

"இன்னிக்குத் துரை மேல நிக்கிறாரு. எவனாவது பேஜாரு கீஜாருன்னு வாயத் தொறந்தீங்க, நாளைலேர்ந்து வேலை கெடையாது."

"மூச்சு வுடலாமா மேஸ்திரி?" என்றான் ஒருத்தன்.

"மெதுவா வுடு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை நடந்தது. கீழேயிருந்து மண்வெட்டிச் சத்தம் மட்டும் வந்தது. ஒருத்தனும் புலம்பவில்லை. அந்த மண்வெட்டிகளில் என் அண்ணனுடையது எது? காதைத் தீட்டிப் பார்த்தேன், தெரியவில்லை.

காலித் தொட்டி ஒன்று வாய்க்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. குனிந்து கத்தினேன்.

"அண்ணாத்தே! பேஜாரா?"

வேறு நாளாக இருந்தால் நாக்கூசும் வசவு ஒன்று மேலே ஏறி வரும். அன்று கீழே இன்னொருத்தன்தான் பேசினான்: "கம்முனு கெடடா, மேஸ்திரி கீறான்."

அதற்குப் பிறகு, தொட்டிக்கு நேர் கீழே, தரை மட்டத்திலிருந்து, அண்ணன் குரல் வந்தது.

"ஒண்ணுமில்லபா. கொஞ்சம் களைப்பா கீது."

வழிப்போக்கனிடம் பேசுவதுபோல் பேசினான், என்னிடம். ஓடிப்போய் விஞ்சுக்காரன் கையைப் பிடித்துக்கொண்டேன். விஞ்சைக் கூலி தொடுவது பெரிய குற்றம்.

"யார்ரா நிறுத்தச் சொன்னது?" என்று மேஸ்திரி பாய்ந்து வந்தான்.

"எங்க அண்ணன் வுழுந்துகீறான். தொட்டி எறங்கிச்சின்னா மண்டை காலி."

ஏணி வழியாக இறங்கினேன். தொட்டி வந்து உட்காரும் இடத்திலேயே, கரிக்குவியலில் சாய்ந்து, கண் செருகிக் கிடந்தான். பக்கத்தில் வேலை செய்தவனுக்கே தெரியவில்லை. அதே தொட்டியில் உட்காரவைத்து மேலே தூக்கினோம். தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து, "பேஜாருடா சாமி" என்றான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

துரை என்னவென்று விசாரித்தார். "நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றான் மேஸ்திரி. அங்கேயே, என் எதிரிலேயே. அதன் பிறகு துறைமுகத்தில் அது வழக்கமாகிவிட்டது: தொட்டி இறங்குமுன் மேலே நிற்பவன் "பேஜாரா?" என்று கேட்பான், கீழேயிருந்து ஆளாளுக்குத் திட்டினால்தான் இறக்குவான். எத்தனை பேர் அதனால் பிழைத்தார்கள் என்பது அவர்கள் பெண்டாட்டிகளுக்குத் தெரியும்.

துறைமுகத் தொழிலாளர் சங்கத்துக் கட்டடத்தில் இன்று மேஸ்திரி படம் தொங்குகிறது. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் என்று கீழே எழுதியிருக்கிறார்கள். படம் இருந்துவிட்டுப் போகட்டும். அந்த எழுத்தை அழிக்க வேண்டும். முதலில் குனிந்து கத்தியவன் நான், விஞ்சை நிறுத்தியவனும் நான். என் பெயரை அங்கே எழுதுங்கள், நான் உயிரோடு இருக்கும்போதே.