பச்சைக் காருக்குத் தெரிந்திருந்தது

என் அக்கா ஓட்டும் வண்டியில் ஏறினால் யாரும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் விழித்திருக்க முடியாது. ஒர்க்‌ஷாப்பில் அவளுக்குத் தாலாட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவன் நான்தான் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

முன்பு அவள் மழலைப் பள்ளி வேன் ஓட்டினாள். மாலையில் குழந்தைகள் தூங்கிவிடும். வீட்டு வாசலில் நிறுத்தி எழுப்ப அவளுக்கு மனசு வராது. இன்னொரு தெருவைச் சுற்றிக்கொண்டு வருவாள், அப்புறம் இன்னொரு தெரு. கடைசிக் குழந்தை வீடு சேரும்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருக்கும். பெற்றவர்கள் சும்மா இருப்பார்களா? வேலை போயிற்று. "தூங்கற புள்ளைய எப்படிடா எழுப்பறது?" என்று அதற்கும் என்னிடம் நியாயம் பேசினாள். எனக்கோ கோபம் மூக்கு நுனியில். கத்து கத்தென்று கத்திவிட்டு, மறுநாளே நான் முன்மேசையில் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் கார் ஒர்க்‌ஷாப்பில் அவளைச் சேர்த்துவிட்டேன்.

அங்கே அவளுக்கென்றே ஒரு வேலை காத்திருந்தது. இப்போதைய ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் பெட்டிக்குச் சொந்தமாக ஒரு சின்ன மூளை உண்டு. பழுது பார்த்து முடித்ததும் அது கற்றதையெல்லாம் அழித்துவிடுவார்கள். பிறகு யாராவது ஏரியைச் சுற்றிச் சுற்றி நாற்பது கிலோமீட்டர் பதறாமல் ஓட்ட வேண்டும். அப்போதுதான் எந்த கியரை எப்படிப் பிடிப்பது, எப்படி விடுவது என்று அது மறுபடி கற்றுக்கொள்ளும். மெக்கானிக்குகளுக்கு இந்த வேலை வேப்பங்காய். அக்காவோ அதற்காகவே காலையில் சீக்கிரம் வருவாள்.

"அது கத்துக்கறது நமக்கே தெரியும்டா" என்பாள். "முதல்ல தடுக்கித் தடுக்கிப் போகும். அப்புறம் எப்ப கியர் மாறுச்சுன்னே தெரியாது. தூக்கத்துல புரண்டு படுக்கற மாதிரி." சொல்லும்போதே அவள் கண் பாதி மூடியிருக்கும். இவளையா ரோட்டில் விடுகிறோம் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

அந்த நிம்மதிக்கு வேட்டு வைக்க வந்தது ஒரு பச்சை ஸ்போர்ட்ஸ் கார். ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவருடையது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்திருந்தவர், நிமிர்ந்து உட்கார்ந்து வாங்கிய முதல் ஆசை அது. அந்தக் கார் தன்மேல் எரிந்து விழுகிறதாம். ஊருக்குள் மெதுவாகப் போகும்போதே கியர் மாறாமல் உறுமுகிறதாம், தூக்கிப் போடுகிறதாம். மனைவி அதில் ஏறுவதையே நிறுத்திவிட்டாராம்.

கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை. மெக்கானிக்குகள் ஓட்டிப் பார்த்தார்கள். சமர்த்தாக ஓடியது. நினைவை அழித்து அக்காவிடம் கொடுத்தார்கள். கார் ஏரிக்கரையில் சத்தமே இல்லாமல் மிதந்து திரும்பியது. வீட்டுக்கு அனுப்பினால், ஒரே வாரத்தில் டாக்டர் அதே புகாரோடு நின்றார். மூன்றாம் முறையும் வந்தபோது ஃபோர்மேன் சாவிக்கொத்தை மேசையில் வீசினார்.

"நீ கனவு கண்டுகிட்டே ஓட்டி அதுக்குத் தப்புத் தப்பா சொல்லிக் குடுக்கற. இன்னொரு தடவை இந்த வண்டி திரும்பி வந்துச்சு, அப்புறம் எந்தச் சாவியும் உன் கைக்கு வராது. கழுவற பக்கம் போய் ஹோஸைப் பிடி."

அக்கா சாவிக்கொத்தை எடுத்து ஆணியில் மாட்டினாள். அன்று மத்தியானம் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டாள். பன்னிரண்டு வருஷத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு ஃபோர்மேனை நாலு கேள்வி கேட்க நாக்கு துறுதுறுத்தது.

சாயங்காலம் அவளே முன்மேசைக்கு வந்து கேட்டாள். "டேய், அந்த வண்டியை நாம எல்லாரும் ஓட்டியாச்சு. அந்த டாக்டர் ஓட்டி யாராவது பார்த்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. வாடிக்கையாளர் கண்ணாடி அறையில் காபியோடு உட்கார வேண்டும், வண்டியை நாங்கள்தான் ஓட்டுவோம் என்பது எங்கள் வழக்கம். நோயாளியை வாசலில் உட்கார வைத்துவிட்டு அவர் சட்டையைச் சோதித்த கதைதான். அந்தக் காரின் மூளை, ஓட்டுகிறவரின் காலை விடாமல் கவனித்துக்கொண்டிருக்கும். பதமாக மிதித்தால் சீக்கிரம் மேல் கியருக்குப் போய் அமைதியாகிவிடும். வெடுக்கென்று மிதித்து வெடுக்கென்று காலை எடுத்தால், ஐயா வளைவில் பாயப் போகிறார் என்று எண்ணிக் கீழ் கியரைப் பிடித்துக்கொண்டு விடாது. எங்கள் காலுக்கு அது எங்களைப் போல ஓடியிருக்கிறது. அது தெரிந்திருந்தும் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் காலை ஃபோர்மேன் வருவதற்குள் அக்கா டாக்டரை வரவழைத்து, சாவியை அவர் கையிலேயே கொடுத்தாள். பக்கத்து சீட்டில் அவள். பின்னால் பேருக்கு இருந்த சீட்டில் நான், முழங்கால் தாடையில் இடிக்க மடங்கிக் கிடந்தேன்.

ஏரிமேல் பனி இறங்கியிருந்தது. எதிர்க்கரை இல்லை, பாலத்துக்குக் கால்கள் இல்லை. அந்த வெள்ளைக்குள் நாங்கள் உறுமிக்கொண்டு போனோம். கார் முன்னால் பாய்ந்தது, தயங்கியது, மறுபடி பாய்ந்தது. அக்கா சாலையைப் பார்க்கவே இல்லை. அவர் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகச் சொன்னாள்.

"டாக்டர், அப்படி ஓரமா நிறுத்துங்க. அந்த ஷூவைக் கொஞ்சம் கழட்டுவீங்களா?"

"எதுக்கும்மா?"

"கால் பெடலைத் தேடுது டாக்டர். கிடைச்சதும் அழுத்திடுது."

அவர் சிரித்துக்கொண்டே கழற்றினார். ஷூவைக் கவிழ்த்தபோது ஒரு கோட்டுப் பட்டன் விழுந்தது. பெரியது, பழுப்பு நிறம், நான்கு துளை.

"இதைத்தான் காலையில எங்க வீட்டம்மா வீடு முழுக்கத் தேடினாங்க" என்றார். பிறகு காலுறையைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். பட்டன் அளவுக்கு ஒரு வட்டம் பதிந்திருந்தது, நான்கு புள்ளிகளோடு. அவர் அதை விரலால் அழுத்தினார். இன்னும் பலமாக அழுத்தினார். சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா அவர் முழங்கை மேல் கை வைத்தாள். என்ஜின் தணிந்த குரலில் ஓடிக்கொண்டிருந்தது.

"நாப்பது வருஷம்" என்றார் டாக்டர். "அடுத்தவங்களுக்கு மரத்துப்போக ஊசி போட்டிருக்கேன். 'மரத்துப்போச்சா, மரத்துப்போச்சா'ன்னு கேட்டுக் கேட்டுத்தான் பல்லைப் பிடுங்குவேன். என் கால் மரத்துப்போச்சுன்னு எனக்குத் தெரியல. இந்த வண்டிக்குத் தெரிஞ்சிருக்கு."

"காலைப் பார்க்கற டாக்டர்கிட்ட இன்னிக்கே போயிடுங்க" என்றாள் அக்கா. "அதுவரைக்கும் ஓட்ட வேண்டாம்."

அவர் மறுபேச்சுப் பேசாமல் இறங்கினார். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கை ஒருமுறை தொட்டுவிட்டு இடம் மாறினார்.

அக்கா ஓட்டினாள். முதலில் கார் அவருடைய காலை நினைத்து உறுமியது. பாலம் தாண்டுவதற்குள் அடங்கிவிட்டது. பனிக்குள் நாங்கள் போகிறோமா, ஏரி எங்களைத் தாண்டிப் போகிறதா என்றே தெரியவில்லை. டாக்டர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். ஒர்க்‌ஷாப் திருப்பம் வந்தது. அக்கா திரும்பவில்லை.

கவுன்ட்டர் திறக்க நேரமாகிவிட்டது என்று கத்த வாயெடுத்தேன். பக்கக் கண்ணாடியில் டாக்டரின் முகம் தெரிந்தது. அவர் தூங்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று சுற்று சுற்றினோம்.

திரும்பியபோது ஃபோர்மேன் வாசலில் முகம் சிவக்க நின்றிருந்தார். "யாரைக் கேட்டு வண்டியை எடுத்த?"

டாக்டர் ஷூவைக் கையில் பிடித்தபடி இறங்கி, அவரை உள்ளே அழைத்துப்போய்ப் பட்டனை முன்மேசையில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். ஃபோர்மேன் அந்தப் பட்டனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இனிமே என் மனைவிதான் ஓட்டுவாங்க" என்றார் டாக்டர். "வண்டிக்கு அவங்க காலைப் பழக்கணும். அதுக்கு இந்தம்மா பக்கத்துல உட்காரணும்."

அக்கா மேசையில் வைத்திருந்த சாவியை ஃபோர்மேன் எடுத்து, இந்த முறை வீசாமல், அவள் உள்ளங்கையில் வைத்தார்.