இருக்கிற பார்வை

சேலத்தில் ஒரு கண் மருத்துவமனையில் என் மனைவிக்குக் கண் அழுத்த நோய்க்கான ஆபரேஷன். வெளியே என்னோடு காத்திருந்த அந்த அம்மா உட்காரவே இல்லை. ஒல்லியான உடம்பு, கையில் ஒயர் கூடை. நடப்பார், நிற்பார், ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்ப்பார். லாரி டிரைவரான அவர் கணவருக்கும் உள்ளே அதே ஆபரேஷன்.

"ஏனுங்க, கண்ணுக்குள்ள குழாய் வெக்கறாங்களாமா?"

"ரொம்பச் சின்னதுங்க. தையல்கூட இல்லை. அழுத்தம் குறைஞ்சா இருக்கிற பார்வை தங்கும்" என்றேன். தயங்கிவிட்டு, "போனது திரும்பாதுங்க" என்றும் சொன்னேன்.

"அது தெரியுமுங்க. அவருகிட்டத்தான் சொல்லல. பக்கப் பார்வை வந்துரும், மறுபடி வண்டி ஓட்டலாம்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன். இல்லீன்னா வந்திருக்க மாட்டாருங்க."

மறுபடி நடக்க ஆரம்பித்தார். அதன்பின் என்னாலும் உட்கார முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கணவர் ஒரு கண்ணில் மூடியோடு சிரித்தபடி வந்தார். "வலியே இல்ல புள்ள. எப்ப வண்டி எடுக்கலாமாம்?"

அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மொதல்ல ஊட்டுக்குப் போலாம் வாங்க."

கணவரிடம் அவர் உண்மையைச் சொன்னாரா, தெரியாது. நான் தினமும் போய்வரும் ராசிபுரம் ரோட்டில் லாரி எதிரே வரும்போதெல்லாம் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்க்கிறேன்.