அசல் தோல்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தில்லைநகரில் பழைய சொகுசுக் கார்கள் விற்கும் இடமொன்றில், வாங்கும் உத்தேசம் துளியும் இல்லாமல் ஒரு காருக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் வயதுக்காரர்களுக்கு இதைவிடக் கௌரவமான கெட்ட பழக்கங்கள் எத்தனையோ இருக்கின்றன. காரை முன்பு வைத்திருந்தவர் நாய் வளர்த்திருக்கிறார். அந்த நாய் பின்சீட்டைக் குதறி, கதவோரத்தைப் பிராண்டி, கைவைக்கும் இடத்தைப் பாதி தின்றும் இருந்தது. "உள்ள மட்டும்தான் சார் டேமேஜ். வெளிய பாத்தா யாருக்கும் தெரியாது" என்றார் விற்பவர். என்னைப் பற்றி டாக்டர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான் என்பதால், எனக்கு அந்தக் காரின்மேல் ஓர் ஒட்டுதல் உண்டாயிற்று.

மைலேஜ் கேட்டேன். பானெட்டைத் திறக்கச் சொல்லி, தெரிந்தவன்போல் உள்ளே எட்டிப் பார்த்தேன். டயரை உதைத்தேன். உதைத்தால் டயரைப் பற்றி என்ன தெரியவரும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முழங்காலைப் பற்றித் தெரியவந்தது. கடைசியில் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்க" என்றேன்.

அந்த உத்தியை நான் கண்டுபிடிக்கவில்லை. அப்பா எனக்கு விட்டுச்சென்ற ஒரே அசையும் சொத்து அது.

அப்பாவுக்கு ரயில்வே கணக்கு அலுவலகத்தில் வேலை. வாரம் முழுக்க ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவார், தொங்கிக்கொண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எதையாவது பார்க்கப் போவார். சினிமா, பொருட்காட்சி என்று நினைக்க வேண்டாம். விலைக்கு வந்திருக்கும் பொருளைப் பார்க்கப் போவார். திருவானைக்காவல் பக்கம் ஒரு மனை. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் பழைய ரேடியோகிராம். மாற்றலாகிப் போகிற யாரோ ஓர் அதிகாரியின் ஃப்ரிட்ஜ். என்னையும் கூட்டிக்கொண்டு போவார். எதுவானாலும் தட்டிப் பார்ப்பார், திறந்து மூடுவார், முகர்ந்துகூடப் பார்ப்பார். விற்பவர் நம்பிக்கை கொள்ளும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொள்வார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, "எல்லாம் சரிதாங்க. எங்க அக்காவுக்கு ஆகாது" என்பார்.

அந்த அக்காதான் என் அத்தை. சின்ன வயதிலேயே கணவரை இழந்து, தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கி, எங்களோடேயே இருந்தவள். மடி, ஆசாரம் என்றால் எங்கள் வீதியே அவளிடம் வந்துதான் சந்தேகம் கேட்கும். விடிவதற்குள் குளித்து, அவள் பாஷையில் தீர்த்தமாடி, மடிப்புடவை உடுத்திவிட்டால், சமைத்ததைப் பெருமாளுக்கு அமுது கண்டருளப் பண்ணி முடிக்கும்வரை காற்றுகூட அவளை அனுமதி கேட்டுத்தான் தொட வேண்டும். அதனால் அப்பாவின் பேச்சை யாரும் சந்தேகிக்கவில்லை. மனை தெற்குப் பார்த்தது, அக்காவுக்கு ஆகாது. ஃப்ரிட்ஜ் என்றால் அதில் நேற்றைய சாதம் இருக்கும், அக்காவுக்கு ஆகாது. ரேடியோகிராம் ஏன் ஆகாமல் போயிற்று என்பது மறந்துவிட்டது. அதற்கும் ஏதோ சாஸ்திரம் இருந்தது. எங்கள் வீட்டில் இல்லாத பொருள்கள் அத்தனைக்கும் அத்தைதான் காரணம் என்று நான் நம்பினேன். அவள் சுட்டுக் கொடுத்த அப்பளத்தைத் தின்றுகொண்டேதான் நம்பினேன்.

வீட்டுக்கு வேண்டிய அரிசி மண்ணச்சநல்லூரில் ஓர் ஆலையிலிருந்து வரும். அதற்குச் சொல்லிவிட்டு வரப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலைக் கிடங்கின் மூலையில், தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே அந்தக் கார் நிற்பதைப் பார்த்தோம். வெளிநாட்டுக் கார். அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. அப்போது எங்கள் இருவருக்கும் அதை வாசிக்கவும் தெரியவில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தைவிட நீளமாக இருந்தது. ஆலை முதலாளி மெட்ராஸில் ஏலத்தில் எடுத்ததாம். வியாபாரம் நன்றாக இருந்த காலத்தில் எடுத்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதைக் கிடங்கில் இருந்த காலியிடம் சொன்னது.

"ஓட்டம் தங்கங்க சாமி. நிறுத்தியே வச்சிருந்தோம்ல, உள்ள எலி பூந்துருச்சு" என்றார் அவர்.

பூந்துருச்சு என்பது மிகவும் அடக்கமான சொல். எலிகள் அதில் தலைமுறை தலைமுறையாகக் குடித்தனம் நடத்தியிருந்தன. கூரையின் உள்துணி பிய்ந்து தூளிபோலத் தொங்கியது. பின்சீட்டின் தோல் நீளவாக்கில் கிழிந்து பஞ்சு பிதுங்கியது. பஞ்சுக்குள் எலிகள் சேர்த்துவைத்த நெல், மழை ஈரத்தில் முளைத்து, கிழிசல் வழியே பச்சைப்பசேலென்று எட்டிப் பார்த்தது. சொகுசுக் காரில் நாற்று விட்டிருந்ததை அதற்குமுன் நாங்கள் பார்த்ததில்லை.

"சீட்டு தோலுங்களா?" என்று அப்பா கேட்டார்.

"அசல் தோல் சாமி. சீமைத் தோல்."

அப்பா முன்பக்கம் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஓட்டத் தெரியாது. நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். எலிப்புழுக்கையும் ஈரத் தவிடும் பழைய தோலும் கலந்த அந்த வாசனையைப் போல் பணக்கார வாசனையை நான் அதுவரை முகர்ந்ததில்லை. அப்பா ஹாரனை அழுத்தினார். யானை இருமியதுபோல் ஒரு சத்தம். கிடங்குக் கூரையிலிருந்த புறாக்கள் அத்தனையும் படபடவென்று எழுந்தன. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். மறுபடியும் அழுத்தினார். பஸ்ஸில் தொங்குகிற அந்த மனிதருக்கு இப்படி ஒரு சிரிப்பு இருந்தது எனக்குத் தெரியாது. அந்தக் கணம் அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தே தீர வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

பிறகு அப்பா விலையைக் கேட்டார். ஆலை முதலாளி சொன்னார். எலிகளின் தயவால் அது எங்களுக்கு எட்டுகிற விலையாக இருந்தது. அதுவரை பார்க்கப் போன எதுவும் எங்களுக்கு எட்டியதில்லை. அப்பாவின் சிரிப்பு அங்கேயே நின்றது. மெதுவாக இறங்கினார். கதவை, தூங்குகிற குழந்தை இருக்கும் அறையைச் சாத்துவதுபோல், சத்தமில்லாமல் சாத்தினார்.

"எல்லாம் சரிதாங்க. சீட்டுதான்… எங்க அக்காவுக்கு ஆகாது."

அப்பா சொன்னது தோலை. செத்த மாட்டின் தோல்மேல் மடியாக இருப்பவள் எப்படி உட்காருவாள் என்பது அவர் கட்சி. ஆலை முதலாளி நினைத்தது கிழிசலை.

"அதுக்கென்னங்க சாமி. பெரியவங்க உக்கார்ற எடம். சரி பண்ணிப்புடுவோம்" என்றார்.

"வேண்டாங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றார் அப்பா, உண்மையான பதற்றத்துடன். அதை ஆலை முதலாளி மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் நான் விடவில்லை.

"ஏம்பா, பெரியவாள்லாம் மான்தோல்ல உக்காந்துண்டு ஜபம் பண்றாளே, அது மட்டும் ஆகுமா?"

"மான் வேற, மாடு வேறடா."

"எப்படி வேற?"

அப்பா யோசித்தார். "மான் ஓடும்."

"காரும் ஓடுமேப்பா."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொள்ளிடப் பாலம் தாண்டும்வரை திரும்பவில்லை.

அதன்பிறகு நான் அத்தைக்குச் செய்த பணிவிடைகளை எந்தச் சிஷ்யனும் குருவுக்குச் செய்திருக்க மாட்டான். துளசி பறித்துக் கொடுத்தேன். காயப்போட்ட மடிப்புடவையின் பக்கம் காக்காய் வராமல் காவல் இருந்தேன். என்னடா இது என்று அவள் சந்தேகமாகப் பார்த்தாளே தவிர, கேட்கவில்லை. காரைப் பற்றி நானும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் ஆகாது என்று சொல்லிவிடுவாள் என்கிற பயம்.

வேறொரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எங்கள் சித்திரை வீதியில் யானை இருமியது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு அந்தக் கார் நின்றது. குளித்து, துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டுக்கொண்டு வந்திருந்தது. ஆலை முதலாளியும் அப்படியே. வீதியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். அப்பா பாதி முகத்தில் சவர நுரையோடு வெளியே வந்தார்.

ஆலை முதலாளி கதவுகள் நான்கையும் திறந்து வைத்தார். உள்ளே சீட்டு முழுக்கப் புதிது. கத்தரிக்காய் நிறத்தில், வரிவரியாகத் தையல் போட்டு, முகம் பார்க்கிற பளபளப்பு.

"ஆம்பூர்லேருந்து ஆள் விட்டு வரவழைச்ச தோலுங்க. ஒரு எடத்துலகூட ரெக்சின் கெடையாது. தொட்டுப் பாருங்க சாமி, அசல் தோல். அக்காவுக்கு ஆகலைன்னீங்கள்ல, அதான்" என்றார்.

கூரைத் துணி மட்டும் முன்போலவே தொங்கிக்கொண்டிருந்தது. கையில் இருந்ததெல்லாம் சீட்டோடு தீர்ந்திருக்க வேண்டும்.

சத்தம் கேட்டு அத்தை வாசலுக்கு வந்தாள். ஈரத் தலை, மடிப்புடவை. ஆலை முதலாளி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பின்கதவருகே போய் நின்றார்.

"அம்மா, நீங்க ஒருவாட்டி உக்காந்து பாத்து நல்லாருக்குன்னு சொல்லிட்டா போதுங்க எனக்கு."

"ஐயையோ, அவ மடியா இருக்காளே!" அப்பா குறுக்கே பாய்ந்தார். "தோல்லல்லாம் உக்காரப்படாது. அதைத்தாங்க நான் அன்னிக்கே சொன்னேன்."

ஆலை முதலாளி அப்பாவைப் பார்த்தார். பிறகு தன் சீட்டைப் பார்த்தார். அவர் கை கதவைப் பிடித்தபடியே இருந்தது.

"கிழிஞ்சிருக்கறதைச் சொன்னீங்கன்னுல்ல நெனைச்சேன்" என்றார். குரல் மிகவும் இறங்கிவிட்டது. "தெரியாமப் போச்சேங்க."

எதிர்வீட்டு வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அத்தை படியிறங்கினாள். கூட்டம் தானாக விலகியது. புடவையைக் கணுக்காலுக்கு மேல் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து காருக்குள் நுழைந்து, சீட்டின் நடுவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். மேலே தொங்கிய துணி அவள் தலைமேல் வந்து படிந்தது. அதை அவள் விலக்கவில்லை. உள்ளங்கையால் தோலை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"ரொம்ப நன்னாப் பண்ணியிருக்கேள்" என்றாள் ஆலை முதலாளியிடம்.

"அக்கா! தோல்!" என்றார் அப்பா.

"தெரியறது. தோல்னா தீர்த்தமாடினாப் போறது." பிறகு அப்பாவை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு ஆகும்டா. ஒனக்கு ஆசையா இருந்தா வாங்கிக்கோ."

நான் குதித்தேன். ஆலை முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. வீதி மொத்தமும் அப்பாவைப் பார்த்தது. அப்பா காரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கன்னத்தில் நுரை காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தது. கணக்கு அலுவலகத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்தவருக்கு ஒரு தடை எழுப்ப இவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"கலர்தான்…" என்றார் கடைசியில். "கொஞ்சம் டார்க்கா இருக்கு."

அதற்குமேல் ஏதாவது வரும் என்று ஆலை முதலாளி காத்திருந்தார்.

"பரவால்லீங்க சாமி" என்றார்.

அத்தை காருக்குள் இருந்தபடியே என் அம்மாவைக் கூப்பிட்டு அவருக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னாள். அவர் அதை நின்றபடியே குடித்து முடிக்கும்வரை அவள் அந்தச் சீட்டை விட்டு இறங்கவில்லை. பிறகு கார் கிளம்பிப் போயிற்று. போகும்போது ஹாரன் அடிக்கவில்லை. அடுத்த முறை அரிசிக்கு அப்பா வேறு ஆலைக்குப் போனார்.

எனக்கு அந்தக் கத்தரிக்காய் நிறத்தின்மேல்தான் கோபம். வேறு நிறத்தில் தைத்திருந்தால் கார் எங்களுடையது என்று நெடுநாள் நம்பினேன். அப்பாவுக்கு நிறங்களில் இத்தனை நுட்பமான ரசனை இருந்ததே என்று பள்ளிக்கூடத்தில் பெருமை பேசிக்கொண்டேன். 'ஆகாது' என்ற சொல்லை அத்தையின் வாயிலிருந்து நான் ஒரு நாளும் கேட்டதில்லை என்பது உறைக்க எனக்கு மீசை நரைக்க வேண்டியிருந்தது. அதற்குள் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ள இருவருமே இல்லை.

அன்று அத்தை கொல்லைப்புறம் போய் மறுபடி தீர்த்தமாடிவிட்டு, தலையைப் பிழிந்தபடி வந்தாள். அப்பா முற்றத்தில் கண்ணாடி முன்னால் மீதி முகத்தைச் சவரம் செய்துகொண்டிருந்தார். "கலர் மட்டும் கொஞ்சம் லைட்டா இருந்திருந்தா…" என்று ஆரம்பித்தார். அத்தை அவரைத் தாண்டிப் போகும்போது ஒன்று சொன்னாள். அதைக் கேட்டு, இனிமேல் அவளும் எங்களோடு கிளம்பி வரப்போகிறாள் என்று எண்ணி நான் சந்தோஷப்பட்டேன். அவள் சொன்னது இவ்வளவுதான்:

"அடுத்த ஞாயித்துக்கெழம எதைப் பாக்கப் போறேங்கறதை முன்கூட்டியே சொல்லிடுடா. அன்னிக்கு நான் மெதுவா, ஒரே தடவையாத் தீர்த்தமாடிக்கறேன்."