வாத்தியார் சொல்லாதது

மேசையை விரல் முட்டியால் தட்டுகிறார் வரலாற்று வாத்தியார். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு, இல்லை. விடாமல் தட்டினால், எழுந்து போ என்று அர்த்தம். எங்கள் பள்ளி நூலகத்தின் மூலையில், விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணி. அதற்குப் பின்னால் மருத்துவர்கள் போட்ட துளை. மூச்சு அந்த வழியாகத்தான். பேச்சுக்கு வழியில்லை.

ஒரு காலத்தில் வாய் மூடாதவர். பக்கத்து அறையில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் நான் சுவர் தாண்டி வருடக்கணக்கில் கேட்டிருக்கிறேன். “உன் கழுத்து மேல இருக்கறது தலையா, தொப்பி மாட்டற ஆணியா?” பிள்ளைகள் பயந்தார்கள். பிரியப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது.

அவர் மனைவி நேர்மாறு. தையல் கடை வைத்திருந்தவர். கால்சட்டையின் நீளம் குறைக்கப் போன இடத்தில் இவர் அரைமணி நேரம் பேச, அந்த அம்மாள் சொன்னது “நாளைக்கு வாங்க” மட்டும். மறுநாள் போனார். அதற்கடுத்த நாள், கிழியாத சட்டையை எடுத்துக்கொண்டு போனார். அப்படித்தான் கல்யாணம் ஆனது.

தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்ததும் வேலையும் போய்விடும் என்றுதான் நினைத்தோம். அந்த அம்மாள் கடையை மூடிவிட்டு வந்து தலைமையாசிரியர் முன்னால் நின்றார். “அவர் எழுதட்டும். நான் படிக்கிறேன்.”

ஐந்து வருடம் அப்படியே நடந்தது. அவர் நோட்டில் எழுத எழுத, பக்கத்து நாற்காலியிலிருந்து அந்த அம்மாள் வாசித்தார். திட்டையும் ஒரு சொல் விடாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிப்பார்: “இதை எழுதறதுக்கு நீ சும்மா இருந்திருக்கலாம்.” வகுப்பே சிரிக்கும், அந்த அம்மாள் சிரிக்க மாட்டார். அந்த வருடங்களில்தான் பிள்ளைகள் வாத்தியாரைச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தார்கள். பரிதாபம் என்று நினைத்துக்கொண்டோம்.

போன மழைக்காலத்தில் அந்த அம்மாள் காய்ச்சலில் படுத்தார். எழுந்திருக்கவில்லை. எழுதியதைப் பேசிக்காட்டும் கருவி வாங்கித் தருவதாகப் பள்ளியில் சொன்னார்கள். “வேற குரல் வேண்டாம்” என்று வாத்தியார் எழுதிக் கொடுத்துவிட்டு நூலகத்துக்கு வந்துவிட்டார்.

சென்ற வாரம் பழைய மாணவி ஒருத்தி பார்க்க வந்தாள். இப்போது நர்ஸாக இருக்கிறாள். நானும் இருந்தேன். பத்தாவதில் ஒருநாள் அவர் எழுதித் திட்டிய திட்டில் படிப்பையே விட்டுவிட நினைத்தாளாம். சாயங்காலம் அந்த அம்மாள் தனியாக வாசல் வரை வந்து பிடித்துக்கொண்டாராம்.

“நீங்க சொல்லி அனுப்பினதைச் சொன்னாங்க சார். அதனாலதான் மறுநாள் வந்தேன்.”

வாத்தியார் நோட்டை என் பக்கம் சாய்த்து, அவளுக்குத் தெரியாமல் எழுதினார்: ‘நான் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.’

அவர் தாளைத் திருப்பி, இந்தமுறை அவளுக்காக எழுதினார்: ‘அவ என்ன சொன்னா? அப்படியே சொல்லு.’

அவள் கொஞ்சம் யோசித்தாள். “‘உன் மேல நம்பிக்கை இருக்கறதாலதான் கோவம் வருதாம். சார் சொல்லச் சொன்னாரு. நாளைக்கு வா கண்ணு’ன்னாங்க.”

அவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, கண்ணைத் திறக்காமலே, இன்னொரு தடவை என்று ஒற்றை விரலை உயர்த்தினார்.