மூன்று தரம் மூடப்பட்ட முறைப்பாடு

கிளிநொச்சியில் எது நின்றாலும் முதலில் போன், இன்டர்நெட் லைனைத்தான் குற்றம் சொல்வார்கள். மருந்துக் கடையில் பில் அடிக்கவில்லையா, லைன் இல்லை. அனுப்பிய படிவம் போய்ச் சேரவில்லையா, லைன் இல்லை. ஒட்டுசுட்டானில் இருக்கும் அக்கா கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டால்கூட, லைன் போய்விட்டது என்று வீட்டில் சொல்லிச் சமாளிக்கலாம். பாதி நாள் அது உண்மையாகவும் இருப்பதால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

ராஜரத்தினத்தின் மகள் தனுஷா மேற்கொண்டு கேட்டாள்.

அவளுக்கு இருபத்தாறு வயது. வீடு கனகராயன்குளத்தில், ஏ-ஒன்பது வீதியிலிருந்து ஒன்றரைக் கட்டை தூரம் உள்ளே. அப்பாவின் அப்பா எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, காடு வெட்டிக் குடியேறியவர். அம்மா வீரம்மா இன்றைக்கும் பிறத்தியாரின் வயலில் களை பிடுங்கப் போகிறவள். தனுஷா தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தாள். பிறகு கிளிநொச்சியில், ஓடு விற்கும் கடைக்கு மேல்மாடியில் எட்டுப் பேரோடு இயங்கும் ஒரு சிறிய மென்பொருள் கொம்பனியில் பரிசோதகராகச் சேர்ந்தாள். சேர்ந்து ஐந்து மாதம். ஆறாவது மாதம் முடிந்தால் ஒன்றில் நிரந்தரமாக்குவார்கள், இல்லாவிட்டால் போய்வரச் சொல்வார்கள்.

பிறர் எழுதிய மென்பொருளில் பிழை தேடுவது அவளுடைய வேலை. இந்த முறை வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து வந்தது ஒரு டீபக்கர். ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு மென்பொருளைப் பாதியில் நிறுத்தி, அதன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க உதவும் கருவி அது. படமோ பொத்தானோ கிடையாது. டெர்மினல் என்கிற கறுப்புச் சன்னலில் கட்டளைகளை எழுத்தாக அடித்துத்தான் அதை ஓட்ட வேண்டும். டீபக்கர் உள்ளே வந்ததும் அந்தச் சன்னலின் ஒழுங்குகளைத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளும். அடிக்கும் எழுத்து திரையில் தெரியாமல் மறைப்பதும் அதில் ஒன்று. வெளியே போகும்போது எல்லாவற்றையும் முன்பு இருந்தபடி வைத்துவிட்டுப் போக வேண்டும். வெளியேறும் வழிகள் ஐந்து. எந்த வழியால் போனாலும் வைத்துவிட்டுப் போகிறதா என்று பார்ப்பது தனுஷாவுக்குத் தரப்பட்ட பகுதி.

அவர்கள் வேலை செய்யும் கணினி கிளிநொச்சியில் இல்லை. எங்கோ கடல் கடந்து இருந்தது. அதனால் அடித்த எழுத்து திரையில் தெரியாமல் போனால் மேல்மாடியில் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள். "லைன் போட்டுது." சன்னலை மூடி இன்னொன்றைத் திறப்பார்கள். தனுஷாவும் அப்படித்தான் செய்துவந்தாள்.

மூன்று கிழமைக்கு முந்திய ஒரு செவ்வாய்க்கிழமை, பஸ் பிந்தி வந்து, பிந்தியதற்குப் பேச்சும் வாங்கிவிட்டு உட்கார்ந்தவளுக்கு, பத்து மணிக்குள் நாலாவது தரமாக எழுத்துகள் காணாமற் போயின. அவள் சன்னலை மூடவில்லை. தெரியாத எழுத்தில், ஆத்திரம் தீர, 'நாசமாப் போ' என்று ஆங்கில எழுத்துகளில் அடித்து, என்டர் விசையைக் குத்தினாள். சன்னல் உடனே பதில் சொன்னது: நாசமா என்று ஒரு கட்டளை இல்லை.

அவள் சிரித்த சத்தத்தில் பக்கத்துக் கதிரையிலிருந்த கிருசாந்தி திரும்பினாள்.

"என்னடி, விசர் பிடிச்சிட்டுதோ?"

"திட்டினன். பதில் சொல்லுது."

"லைன் போனா எப்பிடிப் பதில் சொல்லும்?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

மதியத்துக்குள் தனுஷா கண்டுபிடித்துவிட்டாள். நாலு வழியால் வெளியேறினால் சன்னல் ஒழுங்காக இருந்தது. ஐந்தாவது வழி, சோதிக்கப்படும் மென்பொருள் தானாகவே விழுந்து செத்துப்போவது. அப்போது டீபக்கரும் அவசரமாக வெளியேறியது. மறைத்த எழுத்தை மறைத்தபடியே விட்டுவிட்டுப் போனது. சன்னலின் ஒழுங்குகளைப் பட்டியலாகக் காட்டும் கட்டளை ஒன்று உண்டு. அதை உள்ளே போக முன் ஒரு தரமும் வெளியே வந்த பின் ஒரு தரமும் அடித்துப் பார்த்தாள். எழுத்தைக் காட்டுவதற்கான ஒழுங்கின் பெயர் எக்கோ. முதற் பட்டியலில் எக்கோ என்று இருந்தது. இரண்டாவதில் அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. எக்கோ நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். லைனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவள் முறைப்பாடு எழுதிப் பதிந்தாள். குழுவின் தலைவன் சுஜிதன் அதே பின்னேரம், மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை என்று, அதை மூடினான். 'கிளிநொச்சி லைன்' என்று இரண்டே சொல்லில் காரணம்.

இரண்டாவது தரம் ஏழு படிகளாக எழுதி, இரண்டு பட்டியலையும் சேர்த்து அனுப்பினாள். மூடினான். 'பரிசோதகரின் கணினியில் கோளாறு.'

மூன்றாவது தரம் கிருசாந்தியின் கணினியிலும் செய்து காட்டி எழுதினாள். அதை மூட அவனுக்குப் பதினொரு நிமிடம் எடுத்தது. இந்த முறை நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்: டெர்மினலின் அடிப்படைகளை முதலில் படித்துவிட்டு வரவும். எட்டுப் பேரும் வாசிக்கும் இடத்தில். வாடிக்கையாளரும் வாசிக்கும் இடத்தில்.

சுஜிதன் பல்கலைக்கழகம் முடித்தவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. பிறந்தநாள் என்றால் எல்லோருக்கும் கேக் வாங்குவான். ஆனால் டிப்ளோமாக்காரர் சொல்வதைக் கேட்கும்போது அவனுடைய கண் அவர்களுடைய முகத்துக்கு வராது, போனிலேயே இருக்கும். கனகராயன்குளத்துக்கு உள்ளே, தோட்டத்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய பக்கத்திலிருந்து வருகிறவள் என்று தெரிந்த பிறகு அந்தக் கண் இன்னும் கொஞ்சம் தாழ்ந்ததாகத் தனுஷாவுக்குப் பட்டது. பட்டதுதான். நிரூபிக்க முடியாத விஷயத்தை அவள் முறைப்பாடாக எழுதுவதில்லை.

அன்று வீட்டுக்குப் போய்க் குசினியில் சட்டிகளை அவள் கழுவிய விதத்தில் வீரம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னா புள்ள, அந்தச் சட்டி ஒன்னய என்னா செஞ்சிச்சு?"

தனுஷா சொன்னாள். அம்மாவுக்கு டீபக்கர் விளங்கவில்லை. மூன்று தரம் மூடியது விளங்கியது.

"ஒரு மாசந்தானே. கண்டும் காணாம இரு. நிரந்தரமாகட்டும், அப்பறம் பேசு."

"கிணறும் அப்பிடித்தானேம்மா போச்சு."

யுத்தம் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் ஒரு தொண்டு நிறுவனம் வளவுக்கு வளவு கிணறு வெட்டிக் கொடுத்தது. இவர்களுடைய வளவில் ஆறடியில் கல் வந்தது. வேலையாட்கள் அடுத்த கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்கள். பட்டியல் இன்றைக்கே போகவேண்டும் என்று அந்த நிறுவனத்தில் வேலை செய்யும் இரண்டு இளம் பிள்ளைகள் படிவத்தோடு வந்து நின்றார்கள். 'கிணறு முழுமையாகக் கிடைத்தது' என்ற வரிக்குக் கீழே ராஜரத்தினம் கையெழுத்துப் போட்டார். வேலையாட்கள் வரவே இல்லை. அதற்குப் பிறகு எந்தத் திட்டத்துக்கு எழுதிப் போட்டாலும் இவர் ஏற்கெனவே கிணறு பெற்றவர் என்றே பதில் வந்தது. அந்த ஆறடிக் குழியில் இப்போது வாழை நிற்கிறது. தண்ணீருக்குப் பக்கத்து வளவுக்குத்தான் போகிறார்கள்.

"ஒங்கப்பாவுக்கு வாசிக்கத் தெரியும்," என்றாள் வீரம்மா. "தெரிஞ்சுதான் போட்டாரு. அந்தப் புள்ளங்க வெயில்ல நின்னிச்சுங்க, மூஞ்சி வாடியிருந்திச்சின்னு."

"ஓம். நல்ல மனுசன். மத்தியானத்தில வாளியோட போறது நீங்கதானே."

வெள்ளிக்கிழமை முடிவறிக்கை போக வேண்டிய நாள். காலை பத்து மணிக்கு சுஜிதன் தன் மேசையிலிருந்தே குரல் கொடுத்தான்.

"தனுஷா, அறிக்கையில உம்மட பேரைப் போட்டு அனுப்பி விடும். அஞ்சும் பாஸ்."

"நாலு தான் அண்ணா பாஸ்."

"திரும்பவும் தொடங்காதேயும். நான் எழுதின டெஸ்ட் இருக்குதெல்லோ, அதை ஓட்டிப் பாரும். அஞ்சும் பச்சை."

அவள் ஓட்டிப் பார்த்தாள். ஐந்தும் பச்சைதான். கையால் செய்தால் பிழை. அவனுடைய தானியங்கிச் சோதனை செய்தால் சரி. ஒரே கருவி, ஒரே கணினி. இரண்டில் ஒன்று பொய். அந்தச் சோதனைக் கோப்பை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஒரு கட்டளையால் ஓட்டுவார்கள், பச்சையைப் பார்ப்பார்கள், எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். தனுஷா அதைத் தன் இடத்துக்குப் பிரதி எடுத்துத் திறந்தாள். நூற்றி நாற்பது வரி. விரலை வைத்து வரி வரியாக வாசித்தாள்.

நூற்றிப் பன்னிரண்டாவது வரியில் விரல் நின்றது.

டீபக்கர் வெளியேறிய பிறகு, பட்டியலை எடுத்து ஒப்பிடுவதற்கு முன்னால், அந்த ஒரு வரி இருந்தது. சன்னலில் என்ன குழம்பியிருந்தாலும் எல்லாவற்றையும் வழமைக்குக் கொண்டுவரும் கட்டளை. பக்கத்தில் சுஜிதனின் குறிப்பு: கிளிநொச்சி லைன் கரைச்சலுக்காக.

அவனுக்கும் எழுத்து மறைந்திருக்கிறது. அவனும் லைன் என்றே நினைத்திருக்கிறான். சன்னலை மூடித் திறக்கப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் அந்த வரியைப் போட்டுவிட்டான். முற்றத்தைத் தானே கூட்டிவிட்டு, குப்பை கிடக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று எழுதியிருக்கிறான். அதை வைத்து மூன்று கிழமையாக அவளுக்கு அடிப்படை படிப்பித்திருக்கிறான்.

அவளுக்குக் காது சுட்டது. பிரதியில் அந்த வரியை வேலை செய்யாமல் தடுத்துவிட்டு, சோதனையை ஓட்டினாள். நாலு பச்சை, ஒரு சிவப்பு. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அவனுடைய மேசையில் வைத்தாள். மெதுவாக வைக்கவில்லை.

"நூற்றிப் பன்னிரண்டைப் பாருங்கோ."

சுஜிதன் போனைக் கீழே வைத்தான். பார்த்தான். கழுத்து சிவந்தது.

"ஆரைக் கேட்டு என்ர பைலில கை வைச்சனீர்?"

"இது பிரதி. உங்கடது அப்பிடியே கிடக்கு, பொய் சொல்லிக்கொண்டு."

சுஜிதன் தன் கையாலேயே இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தான். இரண்டு தரமும் சிவப்பு. பிறகு குரலைத் தணித்தான்.

"சரி. ஒரு கழித்தல் குறிதானே? இண்டைக்குப் போக வேண்டிய அறிக்கை. பாஸ் எண்டு போட்டு அனுப்பும், அடுத்த முறை வடிவாய்ப் பாப்பம்."

"நான் போட மாட்டன்."

"வாற மாதம் உம்மட விசயம் கதைக்க இருக்கிறம். தெரியும்தானே?"

"தெரியும் அண்ணா. நாளைக்கு அவங்கட ஆக்களுக்குச் சன்னல் ஊமையானா, கீழ ஆற்ற பேர் எண்டுதான் பாப்பாங்கள். அடிப்படை தெரியாதவள் எண்டு நீங்கள் ஏற்கெனவே எழுதியும் வைச்சிருக்கிறியள். வடிவாய்ப் பொருந்தும். உங்களுக்கு நம்பிக்கை எண்டா உங்கட பேரைப் போடுங்கோ."

"போடுறதுக்கு எனக்கென்ன பயமோ?"

அவன் அறிக்கையைத் திறந்து அவளுடைய பெயரை அழித்தான். தன்னுடையதை அடித்தான். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் தெரிந்தன. அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் அவனுடைய கை போய் நின்றது. நின்றபடியே இருந்தது.

கிருசாந்தி தன் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்: "அண்ணா, லைன் இருக்கு. அனுப்பலாம்."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். சுஜிதன் கையை எடுத்தான். அறிக்கையில் மேலே போய், ஐந்தாவது வழிக்கு நேரே இருந்த பாஸ் என்ற சொல்லை அழித்து, பெயில் என்று அடித்தான். தன் பெயரையும் அழித்தான்.

"சந்தோசமோ? இப்ப உம்மட பேரைப் போடும்."

"இன்னும் இல்லை. நீங்கள் மூடின மூண்டையும் திறவுங்கோ."

"அதென்னத்துக்கு? புதுசா ஒண்டு போட்டா முடிஞ்சுது."

"புதுசு வேண்டாம். இந்த மூண்டும்."

இரண்டைத் திறந்தான். மூன்றாவதைத் திறந்ததும் அவனுடைய பழைய வாக்கியம் வெளியே வந்தது. அதை அழிக்கப் போனான்.

"அழியாதேங்கோ," என்றாள் தனுஷா. "எல்லாரும் வாசிச்ச இடத்தில அது கிடக்கட்டும். அதுக்குக் கீழ எழுதுங்கோ."

"என்னெண்டு எழுத?"

"உங்கட கண்ணால கண்டதை எழுதுங்கோ."

அவன் எழுதினான்: பிழை உறுதி செய்யப்பட்டது. அதைக் கண்டுபிடிக்காத சோதனையை எழுதியது நான். மன்னிப்பு என்ற சொல் அதில் இருக்கவில்லை. அவள் அதைக் கேட்கவும் இல்லை. முற்றுப்புள்ளி வரை இரண்டு தரம் வாசித்தாள். பிறகுதான் குனிந்து, அறிக்கையின் அடியில் ராஜரத்தினம் தனுஷா என்று அடித்து, தானே அனுப்பினாள்.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் சாப்பாட்டு மேசைக்குப் போனார்கள். சுஜிதன் இடியப்பப் பார்சலைப் பிரித்துக்கொண்டு, ஒன்றும் நடவாதது போல, "தனுஷா, வாரும், சாப்பிடுவம்" என்று கூப்பிட்டான்.

"நீங்கள் சாப்பிடுங்கோ."

அவள் தன் மேசையிலேயே, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அம்மா கட்டித் தந்த சோற்றைச் சாப்பிட்டாள். மூன்று கிழமைக் கோபம். அது இரண்டு வாக்கியத்தில் ஆறுகிற கோபம் இல்லை. அடுத்த மாதம் அவர்கள் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கையைக் கழுவிவிட்டு வந்து, சுஜிதன் எழுதிய மற்றச் சோதனைக் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கினாள்.